முதல் பக்கம் இல்லாத இதழ்கள்

பழைய சஞ்சிகை ஒன்று கையில் கிடைத்தால் நான் அட்டைப்படத்தைப் பார்ப்பதில்லை. நேராக நடுப்பக்கத்தைப் பிரித்து, தாள்களைப் பிடித்திருக்கும் கம்பியைத்தான் பார்ப்பேன். எங்கள் பக்கத்துக் காற்றில் உப்பு இருக்கிறது. ஒரு மாரி தாண்டினாலே கம்பி துருவேறிக் கறள் பிடித்துவிடும். கறள் தாளிலும் இறங்கிவிடும். கம்பி பளபளவென்று இருக்கும் இதழைக் காட்டி, இது முப்பது வருஷமாக எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது என்று உள்ளூர்க்காரர் யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். கம்பியை மாற்றியிருக்கிறார். கம்பியை மாற்றியவர் வேறு எதையெல்லாம் மாற்றினாரோ என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருப்பேன்.

என் தொழில் அப்படி. பாலாவிச் சந்தியில் எனக்கு லொறி உதிரிப்பாகக் கடை இருக்கிறது. அசல் பெட்டிக்குள் போலிச் சாமானை வைத்து விற்பவர்கள் இந்த வியாபாரத்தில் தாராளமாக இருக்கிறார்கள். ஒரு பெயரிங்கை விரலால் சுற்றிப் பார்த்து, காதில் வைத்துக் கேட்டு, அதன் பிறகுதான் காசு கொடுப்பேன். இந்தப் பழக்கத்தோடு ஒரு மனிதன் இலக்கியத்துக்குள் வந்தால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். எங்கள் ஊர் இலக்கியக்காரர்களைக் கேளுங்கள், அவர்கள் பத்துக் கதை சொல்வார்கள்.

எனக்கு எந்த விழா மலரிலும் நம்பிக்கை இல்லை. முதல் இருபது பக்கமும் வாழ்த்துச் செய்தி. வாழ்த்துகிறவர் எல்லோரும் ஒரே மாதிரிக் கழுத்துப்பட்டி கட்டி, ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு, ஒரே வசனத்தைச் சொல்வார்கள். ஒருவரே உட்கார்ந்து எல்லோருக்கும் எழுதிக் கொடுத்தது என்பது என் துணிபு. வெளியீட்டு விழாக்களில் முதற்பிரதியை வாங்கும் பெரிய மனிதர்களையும் நான் விடுவதில்லை. விழா முடிந்து வாகனத்தில் ஏறும்போது அந்தப் புத்தகம் எந்தக் கையில் இருக்கிறது என்று பார்ப்பேன். பெரும்பாலும் சாரதியின் கையில் இருக்கும். வட்ஸ்அப்பில் பழைய புத்தகங்களைப் பிடிஎப் ஆக்கி அள்ளி வீசும் குழுக்கள் இருக்கின்றனவே, அவற்றிலும் சேர்ந்திருக்கிறேன். அனுப்புகிறவர் எந்த மூலையை வெட்டிவிட்டு அனுப்புகிறார், அந்த மூலையில் யாருடைய கையெழுத்து இருந்திருக்கும் என்பதுதான் என் கவலை.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம், நான் வாழ்க்கையில் சந்தேகப்படாமல் நம்பிய ஒரே ஒரு விஷயம் என்னை நடுச்சந்தியில் நிறுத்தியதுதான்.

தொண்ணூறில் வடக்கிலிருந்த முஸ்லிம்களை எல்லாம் வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வந்து புத்தளத்துப் பக்கம் முகாமில் இருந்தோம். ஓலைக் குடிசை, கீழே மணல். வாப்பா உப்பளத்தில் வேலை செய்தார். எங்களைப் போலவே வெறுங்கையோடு வந்த சிலர் அந்த நாட்களில் ஒரு சிறு சஞ்சிகை நடத்தினார்கள். கதை, கவிதை, ஊர் நினைவு, கொஞ்சம் அரசியல். பத்துப் பன்னிரண்டு இதழ்கள் வந்து நின்றுபோயிற்று. வாப்பா டவுனுக்குப் போய் ஒவ்வொரு இதழையும் வாங்கி வருவார். நானும் தம்பியும் அதைப் பிய்த்துக்கொள்ளாத குறையாக வாசிப்போம். வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்த பிறகும், வீடு மாறியபோதும், கலியாணம் முடித்தபோதும் அந்த இதழ்கள் என்னோடுதான் வந்தன. இன்று முழுத் தொகுதியும் வைத்திருப்பவன் நான் மட்டுந்தான். மட்டுந்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும்.

அந்தச் சஞ்சிகையில் ஒரு விசேஷம் இருந்தது. எந்த இதழிலும் மாதம் இல்லை, வருஷம் இல்லை, ஆசிரியர் பெயர் இல்லை, விலாசம் இல்லை, பொருளடக்கம்கூட இல்லை. அட்டையைத் திருப்பினால் நேரே முதல் கட்டுரை. எனக்கு விவரம் வந்த வயதில் இது பெரிய அதிசயமாகப் பட்டது. யோசித்து யோசித்து ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். விலாசம் பறிக்கப்பட்ட மக்கள் விலாசம் இல்லாத ஒரு சஞ்சிகையை வேண்டுமென்றே நடத்தினார்கள். நாட்காட்டி நின்றுபோன வாழ்க்கைக்குத் திகதி தேவையில்லை என்று முடிவு செய்தார்கள். பக்கத்து ஊரான கனமூலையில் நடந்த ஒரு புத்தக வெளியீட்டில் இதைப் பேசினேன். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். பத்திரிகை ஒன்றின் வார இதழில் அது கட்டுரையாகவும் வந்தது. அதன் பிறகு வேறு இரண்டொருவர் அதே கருத்தைத் தங்கள் சொந்தக் கருத்துப்போல எழுதினார்கள். அவர்களைத் திருடர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். இன்றைக்கும் அவர்கள் என்னோடு பேசுவதில்லை.

போன வருஷம் ஒரு பெண் கடைக்கு வந்தார். கற்பிட்டிப் பிள்ளை, படித்து முடித்து ஆசிரியையாக இருக்கிறார். இன்னும் சிலரோடு சேர்ந்து, இந்தக் கரையில் வெளிவந்த சஞ்சிகைகளை எல்லாம் படம் பிடித்து இணையத்தில் போடுகிறாராம். யாரும் இலவசமாக வாசிக்கலாம். என் கட்டுரையை வாசித்துவிட்டுத்தான் தேடி வந்திருக்கிறார். இதழ்களை இரண்டு கிழமைக்குத் தர முடியுமா என்று கேட்டார்.

நான் அந்தப் பிள்ளையை மேலும் கீழும் பார்த்தேன். இலவசமாக யார் இந்தக் காலத்தில் வேலை செய்கிறார்கள்? வெளிநாட்டுக்கு விற்பாரா? தன் பெயரில் போடுவாரா? வாங்கிக்கொண்டு போய் கற்பிட்டிக் கரையோடு மறைந்துவிட்டால் நான் எங்கே தேடுவது? கடைசியில் ஒரு நிபந்தனை சொன்னேன்: இதழ் வெளியே போகாது, என் கடைக்கு வந்து, என் கண் முன்னால் படம் பிடிக்கலாம். வேறு யாராவது என்றால் கோபித்துக்கொண்டு போயிருப்பார்கள். அந்தப் பிள்ளை, சரி நானா என்று சொந்த அண்ணனிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, அடுத்த சனிக்கிழமை போனைப் பொருத்தும் ஒரு தண்டோடும் விளக்கோடும் வந்து சேர்ந்தார்.

கிரீஸ் மணக்கும் கடைக்குள் ஒரு மேசையை ஒதுக்கிக் கொடுத்தேன். பக்கத்திலேயே கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டேன். ஒவ்வோர் இதழாக என் கையால் கொடுப்பேன். முடிந்ததும் என் கையால் வாங்கி, ஓரம் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, பெட்டியில் வைப்பேன். பக்கத்துக்குப் பக்கம் என் றப்பர் முத்திரை குத்தியிருக்கிறேன், அது படத்தில் விழுகிறதா என்றும் பார்த்தேன். இடையில் தேங்காய் லொறிக்காரர் ஒருவர் பெல்ட் கேட்டு வந்ததால் கொஞ்ச நேரம் உள்ளே போக வேண்டியிருந்தது. உள்ளேயிருந்தும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிள்ளை தலை நிமிராமல் வேலை செய்தார். எனக்குப் பிளேன்டீ வந்தபோது அவருக்கும் ஒன்று சொன்னேன். அவ்வளவு தூரத்துக்கு நம்பிக்கை வந்திருந்தது.

சில கிழமை கழித்து அந்தப் பிள்ளை வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கற்பிட்டியில் ஓர் உறவினர் வீட்டில் அதே சஞ்சிகையின் ஓர் இதழ் கிடைத்திருக்கிறது. அதில் அட்டைக்கு அடுத்ததாக, என் இதழ்களில் இல்லாத ஒரு தாள் இருந்தது. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் குர்ஆனிலிருந்து ஓர் ஆயத்து, அரபியில். கீழே சின்னதாகத் தமிழ்க் கருத்து. மறுபக்கத்தில் மாதம், வருஷம், ஆசிரியர் குழு, அச்சகம், விலாசம், பொருளடக்கம். எல்லாம் இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.

என்னால் நம்ப முடியவில்லை. நம்ப விருப்பமும் இல்லை. இந்தக் காலத்தில் கொம்பியூட்டரில் எதைத்தான் செய்ய ஏலாது? நேரில் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்தார், பொலித்தீனில் சுற்றி, பேக்கரியில் வாங்கிய பாணைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. நடுப்பக்கத்தைத் திறந்து கம்பியைப் பார்த்தேன். கறள் நன்றாகத் தின்றிருந்தது. தாளும் அதே தாள். அசல் சாமான்தான், எனக்குத் தெரியும்.

பிள்ளை என் பெட்டியிலிருந்து அதே இதழை எடுக்கச் சொன்னார். அட்டையைத் திருப்பி, கம்பிக்குப் பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினார். நகத்தின் அளவுக்கு ஒரு தாளின் ஓரம் உள்ளே மிஞ்சி நின்றது. இத்தனை வருஷம் நான் பார்க்காத ஓரம்.

“கோவிக்க வேணாம் நானா,” என்றார். “உங்கட இதழ்ல அந்தப் பக்கம் இல்லாமப் போகல்ல. ஆரோ வெட்டி எடுத்திருக்கு.”

நான் முதலில் நினைத்தது தேங்காய் லொறிக்காரரைத்தான். அதாவது, அவர் வந்த நேரத்தில் இந்தப் பிள்ளை தனியாக இருந்ததை. வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் வெட்டிய ஓரம் தாளைப் போலவே பழுத்துப் போயிருந்தது. நேற்றைய வெட்டு அப்படி இருக்காது. மற்ற இதழ்களையும் திறந்து பார்த்தோம். எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே ஓரம், ஒரே நேராக, கூரிய பிளேட்டால் வெட்டியது.

அதற்குப் பிறகுதான் அவர் சொல்ல வந்ததைச் சொன்னார். குழுவில் பேசியிருக்கிறார்கள். மாதமும் ஆசிரியரும் தெரியாமல் அந்த இதழ்களைப் போட்டால் பயனில்லை, மற்ற இதழ்களின் முதல் பக்கம் வேறெங்கும் இல்லை. அதனால், முதற்பக்கங்கள் உரிமையாளரால் அகற்றப்பட்டவை என்று ஒரு குறிப்போடு போடலாம் என்று சிலர் சொல்கிறார்களாம். தன் தொகுதியை வேறு யாரும் முழுதாகப் பிரதி எடுத்துவிடக் கூடாதென்று ஒரு பக்கத்தை ஒளித்து வைக்கும் சேகரிப்பாளர்கள் உண்டு. எனக்கே அப்படி நாலு பேரைத் தெரியும். அவர்களைப் பற்றி ஊரெல்லாம் பேசியவனும் நான்தான்.

“நான்தான் வெட்டினெண்டு நினைக்கிறீங்களா தங்கச்சி?” என்று கேட்டேன்.

“எனக்குத் தெரியாது நானா. ஆனா அந்தப் பக்கமே இல்ல எண்டு கட்டுரை எழுதினது நீங்க.”

மரியாதையாகத்தான் சொன்னார். கோபப்பட எனக்கு இடமில்லை. அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் இவ்வளவு பொறுமையாகப் பேசியிருக்கமாட்டேன். கள்ளன் என்றே சொல்லியிருப்பேன். ஒரு கருத்துக்காகத் தன் கையாலேயே சஞ்சிகையை வெட்டியவன் என்று நாளைக்கு இணையத்தில் என் பெயர் நிற்கும். திருடர்கள் என்று நான் திட்டிய அந்த இரண்டொருவர் அதை எத்தனை பேருக்கு அனுப்புவார்கள் என்றும் தெரியும். வெட்டியது யாரென்று தேடிச் சொல்கிறேன், அதுவரை ஒன்றும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஒரு கிழமை தந்தார்.

வீட்டுக்கு வந்து கணக்குத் தீர்ப்பவன் மாதிரி எல்லோரையும் விசாரித்தேன். கட்டாரில் இருக்கும் தம்பிக்குப் போன் எடுத்தேன். சின்ன வயதில் அவனுக்குப் படம் வெட்டி ஒட்டும் பழக்கம் இருந்தது. அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, உனக்கு வேறு வேலையில்லையா என்று போனை வைத்துவிட்டான். பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது. மனைவியைக் கேட்டேன். இந்தக் குப்பை இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் வந்தேன், என்னைச் சந்தேகப்பட உங்களுக்கு வழியே இல்லை, பாவம், என்றார். கூடத்தில் இதழ்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கி, காணாமல் போன பக்கம் இதுதான் என்று அவருக்குக் காட்டினேன்.

உம்மா அசர் தொழுதுவிட்டுக் கதிரையில் தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக வீட்டில் நடக்கும் விசாரணையை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. அவரிடம் நான் கேட்கவும் இல்லை. உம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. சின்ன வயதில் குர்ஆன் ஓதப் பழகினார், அவ்வளவுதான். தமிழ் எழுத்துத் தெரியாத ஒருவரைச் சஞ்சிகை விஷயத்தில் யார் விசாரிப்பார்கள்?

கையை நீட்டி, போனைத் தரச் சொன்னார். படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். உதடு அசைந்தது. ஆயத்தை முழுக்க ஓதிவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார்.

“இது என்னட்ட இருக்கு,” என்றார்.

எழும்பிப் போய் அலுமாரியின் மேல்தட்டிலிருந்து தன் குர்ஆனை எடுத்து வந்தார். மன்னாரிலிருந்து வரும்போது நெஞ்சோடு கொண்டுவந்த குர்ஆன் அது. அதன் துணி உறைக்குள் கையை விட்டு சிறிய தாள் கட்டு ஒன்றை எடுத்தார். முதற்பக்கங்கள். எல்லா இதழ்களுடையதும். ஓரங்கள் கைபட்டுக் கைபட்டுத் துணி மாதிரி மெத்தென்று ஆகியிருந்தன.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். எங்கள் வீடுகளில் அல்லாஹ்வின் வசனம் உள்ள கடதாசியைக் கீழே கிடக்க விடமாட்டார்கள். கண்டால் எடுத்து உயரமான இடத்தில் வைப்பார்கள், உக்கிப் போனால் கடலில் விடுவார்கள். முகாம் குடிசையில் உயரமான இடமே கிடையாது. பாய், பானை, சஞ்சிகை எல்லாம் மணலில். அந்தப் பயத்தில் உம்மா வெட்டி எடுத்திருக்கிறார். நான் அதன் மேல் பெரிய தத்துவம் கட்டி, கனமூலையில் ஒரு மனிதரை அழவும் வைத்திருக்கிறேன். சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

“காலடியில கிடக்கக் கூடாதெண்டா வெட்டினீங்க உம்மா?”

“நான் எங்க வெட்டின? வாப்பா வெட்டித் தந்தது.” உம்மா தாள்களை மடியில் வைத்து நீவிவிட்டார். “ஒங்களுக்கெல்லாம் அதுல வாசிக்க நிறைய இருந்திச்சு மகன். எனக்கு வாசிக்க ஏலுமான பக்கம் அது ஒண்டுதான். இது உன்ட பங்கு எண்டு அத முதல்ல எனக்கு வெட்டித் தந்திட்டுத்தான் மத்தத உங்க கையில தருவார்.”

உப்பளத்தில் கால் வெடித்து வரும் மனிதர், சவரம் செய்யும் பிளேட்டை எடுத்து, தாள் கிழியாமல் அவ்வளவு நேராக வெட்டியிருக்கிறார். எங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுகூட அவர் நினைக்கவில்லை. ஒரே தாளின் ஒரு பக்கத்தை உம்மா இத்தனை காலமும் ஓதி வந்திருக்கிறார், மறுபக்கம் இல்லவே இல்லை என்று நான் மேடை போட்டுப் பேசியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. என்னைவிடப் பெரிய சேகரிப்பாளர் ஒருவர் என் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறார், ஒரு முத்திரைகூடக் குத்தாமல்.

கற்பிட்டிப் பிள்ளை இவற்றைப் படம் பிடிக்க வேண்டும், எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று உம்மாவிடம் கேட்டேன்.

உம்மாவின் கை தாள்களின் மேல் இறுகியது. “திருப்பித் தருவாவா?” என்று கேட்டார்.

தருவார் உம்மா, நல்ல பிள்ளை, என்றேன். யாருக்காவது நான் பிணை நின்றது அதுதான் முதல் தடவை. உம்மா நம்பவில்லை, என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை எங்கேயிருந்து எனக்கு வந்தது என்று அப்போதுதான் விளங்கிற்று. இங்கேயே வந்து, தன் கண் முன்னால் பிடிக்கச் சொல் என்றார்.

சனிக்கிழமை பிள்ளை வீட்டுக்கு வந்தார். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தண்டையும் விளக்கையும் பொருத்தினார். பிறகு வேலை தொடங்கியது. உம்மா பக்கத்தில் கதிரை போட்டுக்கொண்டார். ஒவ்வொரு தாளாகக் கொடுத்தார். முடிந்ததும் வாங்கி, ஓரம் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, மடியில் வைத்தார். பிள்ளை என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

எல்லாம் முடிந்ததும் பிள்ளை ஒரு யோசனை சொன்னார். தாளை ஒட்டுவதற்குக் கெடுதல் செய்யாத ஒரு பசை இருக்கிறதாம். முதற்பக்கங்களை அந்தந்த இதழில் பழையபடி பொருத்திவிடலாம், தொகுதி முழுமையாகிவிடும். முழுமை என்ற சொல்லைக் கேட்டால் எந்தச் சேகரிப்பாளனுக்கும் கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது. உம்மா தாள்களை உறைக்குள் வைக்கத் தொடங்கினார், கொஞ்சம் அவசரமாக.

வேண்டாம் தங்கச்சி, அவை அங்கேயே இருக்கட்டும் என்றேன்.

“அப்ப குறிப்புல என்ன போட நானா? அகற்றப்பட்டது எண்டு போட எனக்கு மனமில்ல.”

கொஞ்சம் யோசித்தேன். வார இதழுக்கு ஒரு திருத்தம் அனுப்ப வேண்டும், தம்பிக்குப் போன் எடுக்க வேண்டும், நான் திட்டிய அந்த இரண்டொருவரையும் பார்க்க வேண்டும். அதெல்லாம் பிறகு. முதலில் இந்தக் குறிப்பைச் சொன்னேன், அவர் போனில் எழுதிக்கொண்டார்: முதற்பக்கங்கள் ஒரு வாசகியிடம் உள்ளன.

உம்மா உறையின் நாடாவைக் கட்டுவதை நிறுத்திவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“அந்த வாசகி ஆரு, மகன்?” என்று கேட்டார்.